தலையில் கட்டிய துண்டு

அன்பார்ந்த வானொலி நேயர்களே, வணக்கம்.

எனக்கு ஏழு வயது இருக்கும். மாசி மாதத்தில் ஒரு நாள் அப்பா என்னைக் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்புக்கு, அய்யா வைகுண்டரின் தலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். வாசலில் அப்பா சட்டையைக் கழற்றினார், என் சட்டையையும் கழற்றினார். அது எனக்குப் பழக்கம்தான். சுசீந்திரத்திலும் திருவட்டாறிலும் ஆண்கள் சட்டையில்லாமல்தான் சன்னதிக்குப் போவார்கள். அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் புதிது. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டார். பைக்குள்ளிருந்து இன்னொரு சின்னத் துண்டை எடுத்து என் தலையிலும் கட்டினார். மற்ற கோயில்களில் சாமிக்கு முன்னால் தலையில் துணி இருந்தால் பெரியவர்கள் அதட்டுவார்கள். இங்கே தலையில் கட்டாமல் உள்ளே போகக் கூடாதாம்.

"ஏம்ப்பா?" என்று கேட்டேன். துண்டின் முனையை என் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டே அப்பா சொன்னார்: "நம்ம பாட்டனுக்குப் பாட்டன்லாம் இதைக் கட்டக் கூடாதுண்ணு இருந்துது மக்கா. அய்யாதான் கட்டச் சொன்னாரு."

அந்தத் துண்டின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். அய்யா வைகுண்டரை நாராயணரின் அவதாரமாக வணங்கும் லட்சக்கணக்கான மக்கள் இருக்கிறார்கள். நான் பிறந்த வீடும் அப்படிப்பட்ட வீடுதான். ஆனாலும் இந்த உரையில் அவரை ஒரு சமூகச் சீர்திருத்தக்காரராக, ஒரு காலத்தையே எதிர்த்து நின்ற மனிதராகப் பார்க்கப் போகிறேன். பக்தியோடு கேட்பவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்த தென் திருவிதாங்கூர். நாஞ்சில் நாட்டு வயலும், அதற்குத் தெற்கே கடல் வரைக்கும் பனங்காடும் தேரிமண்ணுமாகக் கிடந்த பூமி. அந்தப் பனங்காட்டை நம்பிப் பிழைத்தவர்கள் விடியும் முன்னே பனையேறி, பாளை சீவி, அக்கானி என்னும் பதநீர் இறக்கினார்கள். பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினார்கள். உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் பனைக்கு வரி, தலைக்கு வரி. அதற்கு மேல் ஊழியம். ஊழியம் என்றால் இன்றைக்கு நாம் மரியாதையாகச் சொல்லும் சேவை அல்ல. அரசாங்கமும் பெரிய இடத்தாரும் கூப்பிட்ட நேரத்தில் போய்க் கூலியில்லாமல் சுமக்க வேண்டும், வெட்ட வேண்டும், கட்ட வேண்டும். மறுத்தால் அடி.

வரியையும் ஊழியத்தையும்விடக் கொடியது வேறொன்று. சாதிக் கட்டுப்பாடு முழுவதும் மனிதனின் உடம்பின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. நம்பூதிரிக்கு முன்னால் நாடார் வந்தால் 36 காலடி தள்ளி நிற்க வேண்டும், புலையர் 96 காலடி தள்ளி நிற்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்புப் போடக் கூடாது. பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் மேல்சாதியார் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. ஆண்கள் தலையில் தலைப்பாகை கட்டக் கூடாது.

இந்த வரிசையை நான் பலமுறை பாடப் புத்தகங்களில் படித்திருக்கிறேன், பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். பட்டியலாகக் கேட்டால் வருத்தம் வரும், உறைக்காது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். சுமை தூக்கும்போது தலையில் துணியைச் சுருட்டி வைப்போமே, சும்மாடு, அதற்கு யாரும் தடை சொன்னதில்லை. ஊழியத்துக்குப் போகிறவனின் துண்டு சும்மாடாகத் தலைக்கு ஏறலாம். மேலே நெல்மூட்டையோ கல்லோ இருக்கும் வரைக்கும் அது அங்கே இருக்கலாம். சுமையை இறக்கியதும் துண்டும் இறங்கிவிட வேண்டும். அதே துண்டு, அதே தலை. அடுத்தவன் பாரத்துக்கென்றால் சரி, அவனுடைய அழகுக்கென்றால் குற்றம். இதைப் புரிந்துகொண்டால் அய்யா ஏன் துண்டில் கைவைத்தார் என்பதும் புரிந்துவிடும்.

1809ஆம் ஆண்டு, தாமரைகுளம் பக்கத்தில், அன்று சாஸ்தான்கோயில்விளை என்று அழைக்கப்பட்ட ஊரில் பொன்னு நாடாருக்கும் வெயிலாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் ஆசையாக முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். விஷ்ணுவின் பெயர்தான். ஆனால் அதில் 'முடி' இருக்கிறதே! பனையேறியின் பிள்ளைக்கு முடி சூடுகிற பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். அரசு அதிகாரிகள் வரைக்கும் புகார் போனது. பெற்றோர் அந்தப் பெயரை விட்டுவிட்டு முத்துக்குட்டி என்று மாற்றினார்கள்.

தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு அது தெரிந்திருக்காது. வளர்ந்த பிறகு யாராவது சொல்லாமலா இருந்திருப்பார்கள்? வீட்டில் அம்மா எப்போதாவது பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டாளா? பெயரில்கூட முடி சூடக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஒருவர், பின்னாளில் தன்னிடம் வந்த ஒவ்வொரு ஆணையும் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே வா என்றார். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு மறுக்கப்பட்டதை அவர் தனக்காக மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. வந்தவர் எல்லாருக்கும் சூட்டினார்.

முத்துக்குட்டி வளர்ந்து குடும்பஸ்தர் ஆனார். உழைப்பாளியாகவும் ஊரில் செல்வாக்கு உள்ளவராகவும் இருந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் கடுமையான நோய் பிடித்தது. உடம்பு நைந்து போய்க் கிடந்த மகனைத் தொட்டில் கட்டிச் சுமந்துகொண்டு, மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் கடலுக்குள் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது முத்துக்குட்டியாக வரவில்லை, வைகுண்டராக வந்தார் என்பது மரபு. கொல்லம் ஆண்டு 1008, மாசி 20. ஆங்கிலக் கணக்கில் 1833 மார்ச். இன்றைக்கும் மாசி 20 அவதாரத் திருநாள். முந்தின நாளே திருவனந்தபுரத்திலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் ஊர்வலங்கள் புறப்பட்டு நாகர்கோவிலில் வந்து சேர்கின்றன. மறுநாள் காலையில் நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்பு வரைக்கும் மக்கள் கூட்டமாக நடந்து போவார்கள். அந்த நடையை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். காவித் தலைப்பாகைகள் வயலுக்கு நடுவில் அசைந்து அசைந்து போகிற காட்சி கண்ணை விட்டுப் போகாது.

திரும்பி வந்தவர் ஆறு வருடம் தவம் இருந்தார். முதல் பகுதி ஆறடிக் குழிக்குள். ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, பிறகு கூட்டம் கூடியது. நோயாளிகள் வந்தார்கள், தண்ணீரும் மண்ணும்தான் மருந்து. சுகமானவர்கள் போய்ச் சொன்னார்கள், இன்னும் பலர் வந்தார்கள். வந்தவர்கள் ஒரே சாதிக்காரர்கள் அல்ல. பதினெண் சாதியும் வந்தது என்று அவர் காலத்து ஏடு சொல்கிறது. ஆட்சியாளர்களுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

அவர்களை அவர் எங்கே கூட்டி வைத்தார் தெரியுமா? ஒரு கிணற்றடியில். முத்திரிக் கிணறு என்று பெயர். சாமித்தோப்பில் பதியிலிருந்து, அதாவது அய்யாவின் வழிபாட்டுத் தலத்திலிருந்து, கொஞ்ச தூரத்தில் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் சாதிக்கு ஒரு கிணறு, அதற்கும் வழியில்லாதவர்களுக்கு ஊருணியும் ஓடைத் தண்ணீரும். ஒருவன் கயிறு தொட்ட கிணறு இன்னொருவனுக்குத் தீட்டு. அப்படிப்பட்ட நாட்டில், எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்து, அங்கேயே குளித்து, அதையே குடித்து, பக்கத்தில் நின்று ஈரத்தோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் ஏற்பாடு செய்கிறார். உபதேசமாகச் சொல்லியிருந்தால் தலையாட்டிக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மறந்திருப்பார்கள். தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிய பிறகு மறப்பது எப்படி?

இன்றும் பதிக்குப் போகிறவர்கள் முதலில் கிணற்றுக்குப் போய் 'பதமிட்டு', அதாவது அந்தத் தண்ணீரில் குளித்து அதைக் குடித்துவிட்டுத்தான் போவார்கள். அன்றைக்கு அப்பா என் தலையில் தண்ணீரை ஊற்றியபோது குளிரில் உதறினேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி, முன்பின் தெரியாதவள், தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்தச் சீலையின் ஈர வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கிணற்றுக்கு அடுத்தது தொடுதல். பதிக்கு வந்தவரின் நெற்றியில் வெள்ளை மண்ணால் நாமம் இடுவார்கள். புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி, தீபச்சுடர் எழுவதுபோல. அதைத் 'தொட்டு நாமம்' என்று சொல்வார்கள். பெரிய கோயில்களில் பிரசாதத்தைக் கையில் படாமல் மேலே இருந்து போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் 'தொட்டு' என்ற சொல்லின் பொருள் தனியாக விளக்க வேண்டாம். 36 அடியையும் 96 அடியையும் ஒரு விரல் கடந்து வந்து நெற்றியில் நிற்கிறது.

இதெல்லாம் அரண்மனைக்கு எட்டாமல் இருக்குமா? அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள், இசை உலகம் இன்றும் கொண்டாடும் அதே மன்னர். அவர் சுசீந்திரத்துக்கு வந்திருந்தபோது புகார்கள் குவிந்தன. தாழ்ந்த சாதிக்காரன் ஒருவன் தன்னைத் திருமாலின் அவதாரம் என்கிறான், சாதி வித்தியாசம் இல்லாமல் ஆள் சேர்க்கிறான் என்று. பூவண்டர் என்ற கோனார் ஒருவர் மன்னரிடம், "இவர் சாதாரணமானவர் இல்லை, அவசரப்படாதீர்கள்" என்று வாதாடியதாக அவர் காலத்து ஏடான அகிலத்திரட்டு சொல்கிறது. பூவண்டரை நான் எப்போதும் மதிப்போடு நினைப்பேன். அவருக்கு இதில் லாபம் ஒன்றும் இல்லை, அரசனின் கோபம்தான் மிச்சம். ஆனாலும் பேசினார். மன்னர் கேட்கவில்லை. வீரர்கள் வந்து வைகுண்டரைக் கட்டி அடித்து இழுத்துப் போனார்கள். திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் நூறு நாளுக்கு மேல் இருந்தார்.

விடுதலை செய்வதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்களாம். உன் சாதிக்காரர்களோடு மட்டும் இருந்துகொள், மற்ற சாதியாரைச் சேர்க்க மாட்டேன் என்று எழுதிக் கையொப்பம் போட்டுக் கொடு, போய்விடலாம். நியாயமாகப் பார்த்தால் சாதகமான பேரம். உயிர் தப்பும், ஊர் திரும்பலாம், தன் சாதியின் தலைவராகச் சௌகரியமாக வாழலாம். அவர் மறுத்துவிட்டார். கடைசியில் நிபந்தனை இல்லாமலேயே விடுதலை ஆனார் என்பது மரபு. மக்கள் அவரைச் சுமந்துகொண்டு ஊருக்குத் திரும்பினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால், அன்று அவர் கையெழுத்துப் போட மறுத்த அந்தக் காகிதத்தில் இன்று நாம் அவர் பெயரால் கையெழுத்துப் போட்டுவிட்டோம். வைகுண்டர் யார் என்று கேட்டால் "அவர் அந்தச் சாதிக்காரங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! வெளியில் இருப்பவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், உள்ளே இருக்கும் நம்மில் சிலரும் பெருமையாக அப்படியே சொல்கிறோம். பனையேறியின் பிள்ளைக்காக மட்டுமா அவர் கிணறு வெட்டினார்? 36 அடி தள்ளி நின்றவன், தனக்குப் பின்னால் 96 அடியில் நிற்பவனைத் திரும்பிப் பார்த்தானா என்ற கேள்வியும் அந்தக் கிணற்றில் இருக்கிறது. அதை நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

சிறையிலிருந்து வந்த பிறகு நடந்தவற்றில் துவையல் தவசு முக்கியமானது. கன்னியாகுமரிக் கடற்கரையில் வாகைப்பதி என்ற இடத்தில் 700 குடும்பங்களைக் குடியிருத்தினார். நாளும் பலமுறை குளிக்க வேண்டும், உடுத்ததைத் துவைத்து உடுத்த வேண்டும், மீனும் கறியும் இல்லாத சாப்பாடு, சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்ண வேண்டும், சேர்ந்து வழிபட வேண்டும். கடலை நம்பியும் பனையை நம்பியும் இருந்த மக்களுக்கு எளிய காரியமா? ஆனாலும் இருந்தார்கள். சுத்தம் என்பது மேல்சாதியின் சொத்து, அழுக்கு என்பது இவர்கள் பிறப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் நடத்திக் காட்டினார்கள். சிலர் இதை மேல்சாதிப் பழக்கத்தைக் காப்பியடித்தது என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காப்பியடிப்பவன் தனியாக மேலே ஏறப் பார்ப்பான். 700 குடும்பம் ஒன்றாகக் கூடி ஒரே பானையில் வடித்து உண்பதற்கு மேல்சாதியில் எங்கே முன்மாதிரி?

அதே காலத்தில் அதே ஊர்களில் இன்னொரு பெரிய மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்தார். லண்டன் மிஷன் வேர் பிடித்தது. பள்ளிக்கூடங்கள் வந்தன, எழுத்து வந்தது, மாதர்கள் மேல்சட்டை போட்டார்கள், அதற்காக அடியும் பட்டார்கள். தோள்சீலைக் கலகம் பல கட்டமாக நடந்து, 1859 ஜூலை 26ஆம் தேதிய அரசு அறிக்கையில்தான் ஓரளவு முடிவுக்கு வந்தது. மிஷன் செய்த கல்விப் பணியைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். என் குடும்பத்திலேயே ஒரு கிளை அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்துத்தான் தலையெடுத்தது. அதே சமயம், மானத்தோடு வாழச் சொந்த தெய்வத்தை விட்டுவிட வேண்டுமா என்று கலங்கிய ஆயிரக்கணக்கானவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வைகுண்டர் ஓர் இடம் கொடுத்தார். மிஷன் அறிக்கைகளிலேயே, முத்துக்குட்டியின் கூட்டம் தங்கள் வேலைக்குப் பெரிய தடை என்ற குறிப்புகள் இருக்கின்றன. எதிர் முகாமிலிருந்து வந்த சாட்சி என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

தன் மக்களின் வழிபாட்டிலும் அவர் கைவைத்தார். ஆடு கோழி பலி வேண்டாம், பேய்களுக்குப் படையல் வேண்டாம், காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம். பூசாரி இல்லை, உண்டியல் இல்லை, தேங்காய் உடைப்பதில்லை. இதில் ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சுடலைமாடனும் இசக்கியும் இல்லாத விளை கிடையாது. வில்லுப்பாட்டும் கொடை என்னும் கோயில் திருவிழாவும் எங்கள் ரத்தத்தில் உண்டு. அந்தத் தெய்வங்களை விட்டுவிடச் சொன்னது சரிதானா என்று இளவயதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. பிறகு, கொடைக்காகக் கடன் வாங்கி, கடனுக்காகப் பனையை ஒத்திக்கு வைத்து, ஒத்தி மீட்க முடியாமல் போன பழைய கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டேன். பயத்தின் பெயரால் ஏழையின் கையிலிருந்து போன காசை அவர் நிறுத்தப் பார்த்தார் என்று அப்போது விளங்கியது. மக்கள் பாதி கேட்டார்கள், பாதி கேட்கவில்லை. அய்யாவையும் கும்பிடுவார்கள், கொடைக்கும் போவார்கள். அதையும் நான் குற்றமாகப் பார்க்கவில்லை.

இனி பதியில் இருக்கும் கண்ணாடிக்கு வருகிறேன். சாமித்தோப்புப் பதியின் பள்ளியறையில் சிலை கிடையாது. இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் நிலைக்கண்ணாடி. கும்பிடப் போகிறவன் அதில் தன்னைத்தான் பார்ப்பான். உனக்குள் இறைவன் என்ற வேதாந்தத்தை அதில் எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். நான் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். 1840களில் ஒரு பனையேறியின் குடிசையில் கண்ணாடி எங்கே இருந்திருக்கும்? குளத்துத் தண்ணீரில் முகம் பார்த்தவர்கள். அப்படிப்பட்டவன் ஒருவன், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் சுடர்போல நாமத்தோடு, விளக்கு வெளிச்சத்தில் போய் நிற்கிறான். எதிரே ஒருவர் தலைப்பாகையோடு நிமிர்ந்து நின்று அவனையே பார்க்கிறார். அவன் கைகூப்புகிறான், அவரும் கைகூப்புகிறார்.

சாமித்தோப்பிலிருந்து வடக்கே பார்த்தால் மருத்துவாழ்மலை தெரியும். வைகுண்டர் 1851இல் மறைந்து முப்பது வருடம் சென்ற பிறகு அந்த மலையின் பிள்ளைத்தடம் குகையில் ஓர் இளைஞர் தவம் இருந்தார். அவர்தான் கேரளத்துச் சமூகச் சீர்திருத்தக்காரர் ஸ்ரீ நாராயண குரு. 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவியவர். அவரும் தன் கடைசிக் காலத்தில், 1927இல், களவங்கோடு என்ற ஊர்க் கோயிலில் விக்கிரகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அதைக் கேரளம் முழுவதும் படித்தவர்கள் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே நம் மண்ணில் வைக்கப்பட்ட கண்ணாடியைப் பற்றியும் பேசலாமே என்பதுதான் என் ஆசை.

அவர் சொன்னவற்றை நாம் அறிய உதவுவது அகிலத்திரட்டு அம்மானை. 1841இல், கார்த்திகை மாதத்தில், அவருடைய ஐந்து சீடர்களில் ஒருவரான அரிகோபாலன் சீடர் பனையோலையில் எழுதினார். பனையேறிகளின் வேதம் பனையோலையிலேயே இறங்கியது. அச்சில் வந்தது 1939இல்தான். நூறு வருடம் அது ஏட்டுப் படியாகவும் வாய்ப்பாடமாகவும் உயிரோடு இருந்தது என்றால், அதற்குக் காரணம் அம்மானை நடைதான். பெண்கள் காய் வீசி விளையாடும்போது பாடுகிற நடை. எழுத்துத் தெரியாதவர்களும் ஒரு தடவை கேட்டால் அடுத்த வரியைச் சேர்ந்து சொல்லிவிடுவார்கள். புலவர்களுக்கு அதில் இலக்கணக் குறை தெரியலாம். கார்த்திகையில் சாமித்தோப்பில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கும். அதைக் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். அதில் ஒரு வரி எங்கள் வீட்டுச் சுவரில் எழுதியிருந்தது: "தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்." தர்மம் என்ற சொல்லுக்கு வருணத்தையும் குலத்தையும் வைத்து எத்தனையோ விளக்கம் எழுதியிருக்கிறார்கள். கீழே கிடப்பவனைக் காப்பாற்றுவது, அவ்வளவுதான் என்று அந்த வரி முடித்துவிடுகிறது.

அவர் மறைந்த பிறகு மற்ற கதவுகள் திறக்க நெடுங்காலம் ஆனது. சாமித்தோப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகவே 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12. என் பாட்டி அப்போது மணமான பெண். ஊரே திரண்டு சுசீந்திரத்துக்குப் போனதாம். பாட்டி போகவில்லை. "போகக் கூடாதுண்ணு இல்ல மக்கா, அண்ணைக்கு அடுப்புல அக்கானி கொதிச்சிட்டு கிடந்து. விட்டுட்டு போனா கருப்பட்டி முறிஞ்சிரும்" என்றாள். பின்னால் ஒரு நாள் நிதானமாகப் போய்விட்டு வந்தாளாம். கோயில் அழகாக இருந்தது என்றாள். சாமித்தோப்புக்கு மட்டும் அவள் கணக்கு வைத்துக்கொள்ளாமல் போய்க்கொண்டே இருந்தாள்.

போக நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் பதினொரு நாள் கொடியேற்றுத் திருவிழா நடக்கும். எட்டாம் நாள் கலிவேட்டை, கலி என்னும் தீமையை வேட்டையாடும் சடங்கு, முத்திரிக் கிணற்றடியில் குதிரை வாகனத்தில். கூட்டம் தாங்காது. பதியை அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண நாளில் போங்கள். நாகர்கோவிலிலிருந்து பஸ் உண்டு. எந்த ஊர், எந்த மதம், எந்தச் சாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள். "அய்யா உண்டு" என்று சொல்லி வரவேற்பார்கள், நீங்களும் அதையே திருப்பிச் சொல்லலாம். முதலில் கிணற்றுக்குப் போய்விட்டு வாருங்கள். அன்னதர்மம் நடக்கும் நேரமாக இருந்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆண்கள் ஒரு துண்டு எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். மறந்துவிட்டாலும் கவலை இல்லை, வாசலில் யாராவது ஒருவர் தன்னுடையதை உதறித் தந்துவிடுவார்.

நன்றி. வணக்கம்.